நாலடுக்கு மண்புழுப் பெட்டி: திருச்சி வெயிலில் ஒன்றரை வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு 2. அந்த இரண்டில் ஒன்று அடியில் இருக்கிற குழாய்க்கு, இன்னொன்று தட்டுகளின் பிளாஸ்டிக் நல்ல கெட்டி என்பதற்கு. மண்புழு உரம் தயாரிக்க வாங்கிய பெட்டியில் புழுவையும் உரத்தையும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் மதிப்பெண் போடுகிறானே என்று தோன்றலாம். நடந்தது அப்படித்தான்.

பொருள் இதுதான்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற நான்கு பிளாஸ்டிக் தட்டுகள், அவற்றின் அடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள், எல்லாவற்றுக்கும் கீழே தண்ணீர் வடிகிற ஒரு தொட்டி, அதில் ஒரு குழாய், நான்கு குட்டைக் கால்கள், மேலே ஒரு மூடி. இதே அச்சில் வார்த்ததை இணையத்தில் பல பேர் பல நிறத்தில் விற்கிறார்கள். நான் யாரிடம் வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை, கோளாறு அந்த ஒருவருடையது மட்டும் இல்லை என்பதால். போன வருடம் ஜனவரியில் வாங்கினேன். பெட்டி 4,650 ரூபாய், புழு தனியாக 500 எண்ணிக்கை, கூரியருடன் 780. கூடவே ஒரு கட்டி தேங்காய் நார்த்தூள், கிளறிவிட ஒரு குட்டி முள்கரண்டி, ஒரு கையேடு.

அந்தக் கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். "குளிர்காலத்தில் பெட்டியைப் பழைய கம்பளியால் போர்த்தி வையுங்கள். உறைபனி இரவுகளில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்" என்று இருந்தது. நான் இருப்பது உறையூர். இங்கே கம்பளி என்பது ஊட்டிக்குப் போகும்போது பரணிலிருந்து இறக்கிற சாமான். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இந்தப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் அருமையாகப் போயிற்று, அதை மறுக்கவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க்கைத் தாங்குகிற தூண்களுக்கு நடுவே நாள் முழுக்க நிழல் இருக்கும், அங்கே வைத்தேன். நார்த்தூளை ஊறவைத்து, கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழுகிற ஈரத்தில் பரப்பி, அதன்மேல் பால்காரர் வீட்டுச் சாணம் இரண்டு கை. பச்சைச் சாணம் ஆகாது, மட்கும்போது கொதிக்கும், பத்துப் பதினைந்து நாள் ஆறப்போட்டதாக இருக்கவேண்டும். இதைக் கையேடு சொல்லவில்லை, பால்காரர்தான் சொன்னார். புழுவை மேலே கொட்டியதும் வெளிச்சம் பிடிக்காமல் பத்து நிமிடத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டன. நாலாவது வாரம் பார்த்தால் எலுமிச்சையைக் கடுகளவுக்குச் சுருக்கினது போல, தேன் நிறத்தில் முட்டைக்கூடுகள். ஏதோ நானே சாதித்துவிட்ட மாதிரி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புழு முட்டை போட்டதுக்கா என்னை மாடி ஏற வெச்சே?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

விளம்பரத்தில் 'நான்கு பேர் உள்ள குடும்பத்தின் சமையலறைக் கழிவு முழுவதற்கும் போதும்' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டிலும் நான்கு பேர்தான். ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பார்த்தேன், காய்கறித் தோல், பழத்தோல், காபிச் சக்கை எல்லாம் சேர்த்து நாளுக்கு 700 கிராம் வந்தது. 500 புழுவின் மொத்த எடையே கால் கிலோ இருந்தால் அதிகம். அவை ஒரு நாளைக்கு 100 கிராம், மிஞ்சிப்போனால் 150 கிராம் தின்னும். மீதியைப் போட்டால் அங்கேயே அழுகும், சூடேறும், கொசு மாதிரிச் சின்ன ஈ மொய்க்கும். நம் வீட்டுக் கழிவின் ரகமும் வேறு. முருங்கைக்காய்ச் சக்கை சாம்பாரில் கிடந்து உப்பும் காரமும் ஏறினது, புழுவோ தோலால் மூச்சு விடுகிற பிராணி, உப்புப் பட்டால் துடித்துப்போகும். அலசிப் போட்டாலும் அந்த நார் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். புளிச்சக்கையும் எலுமிச்சை மூடியும் புளிப்பு, நிறையப் போட்டால் அந்தப் பக்கமே வராது. கறிவேப்பிலைக் காம்பு மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் கறிவேப்பிலைக் காம்புதான். விரும்பித் தின்றவை வாழைப்பழத் தோல், பூசணியின் குடல், ஃபில்டர் காபிச் சக்கை. முட்டை ஓட்டை நுணுக்கித் தூவினால் நல்லது, புழுவுக்குப் பல் கிடையாது, அரைவைக்கு அந்தத் தூள் உதவும், புளிப்பையும் கட்டுப்படுத்தும்.

பெட்டியின் மேல் பழிபோட முடியாத ஒரு முட்டாள்தனமும் நடுவில் செய்தேன். புளித்துப்போன இட்லி மாவு ஒரு டம்ளர், வீணாகப் போகிறதே என்று ஊற்றிவிட்டேன். மாவும் பருப்பும் ஒரே இடத்தில் குவிந்தால் புழுவின் வயிற்றுக்குள்ளேயே புளித்துப் பொங்கும், உடம்பு மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக வீங்கிச் செத்துப்போகும். நாற்பது ஐம்பது போயின. பார்க்கச் சகிக்கவில்லை.

அடுக்குத் தட்டு என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். கீழ்த்தட்டில் தின்று முடித்ததும் புழு ஓட்டை வழியாகத் தானே மேல்தட்டுக்கு ஏறிவிடும், நாம் கீழ்த்தட்டை உருவி டீத்தூள் போல இருக்கிற உரத்தைச் செடிக்குப் போடலாம், கையால் புழு பொறுக்க வேண்டாம். ஆனால் கீழ்த்தட்டில் இருக்கிற உரம் மட்க மட்க நாலு விரற்கடை இறங்கிவிடுகிறது, மேல்தட்டின் அடிப்பாகம் அதைத் தொடுவதே இல்லை, நடுவில் காற்றுவெளி. அந்தரத்தில் தாவி ஏற மண்புழு என்ன குரங்கா? மேல்தட்டு உரத்தின்மேல் நன்றாக உட்காரும்படி கீழ்த்தட்டை நிரப்பி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. மேலே போகவேண்டியது கீழே விழுந்ததுதான் அதிகம். அடியில் இருக்கிற வடிதொட்டியில் தண்ணீர் தேங்கி, வாரத்துக்கு இருபது முப்பது அதில் மிதந்தன. பின்னால் அந்தத் தொட்டிக்குள் ஒரு செங்கல் துண்டைப் போட்டு, விழுந்தவை ஏறி நிற்க இடம் செய்துகொடுத்தேன். 4,650 ரூபாய்ப் பெட்டிக்கு நான் செங்கல் போடவேண்டியிருந்தது.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். பங்குனி பாதியில் வெயில் ஏறியதும்தான் அசல் கதை தொடங்கியது. எனக்குக் கொடுத்த புழு ஐசினியா ஃபெடிடா, சிவப்பாக, உடம்பில் வரிவரியாக இருக்கும். உலகம் முழுக்க மண்புழுப் பெட்டி என்றால் இந்த இனம்தான். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம், 35ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. திருச்சியில் ஏப்ரலும் மே மாதமும் 38, 40 சாதாரணம். நிழலில்தான் வைத்திருந்தேன், ஆனால் நிழலில் அடிக்கிற காற்றே அனல். பெட்டி கெட்டிப் பிளாஸ்டிக், மூடி இறுக்கம், உள்ளே மட்குகிற கழிவு தன் பங்குக்குச் சூடு கிளப்புகிறது, அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. குளிர் நாட்டில் அதே இறுக்கம்தான் புழுவைக் காப்பாற்றும். சாணத்துக்குள் குத்துகிற வெப்பமானி ஒன்று வாங்கினேன், மாலை ஐந்து மணிக்கு நடுத்தட்டில் 37.

ஐஸ் வைத்துப் பார்த்தேன். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் தினமும் மதியம் இரண்டு பாட்டில் மேல்தட்டில் படுக்கவைப்பது. "ஃப்ரீஸர்ல மீன் வைக்க இடமில்ல, புழுவுக்கு ஐஸ் வேற, அடுத்து ஏசி போட்டுருவியாடா?" என்றார் அம்மா. பாட்டிலுக்கு அடியில் மட்டும் புழு பந்து பந்தாகச் சுருண்டு கிடக்கும், மூன்று மணி நேரத்தில் ஐஸ் தண்ணீராகிவிடும், அப்புறம் பழைய கதைதான். ஏப்ரல் கடைசியில் தங்கை வீட்டு விசேஷத்துக்காக இரண்டு நாள் கும்பகோணம் போய்விட்டு வந்தோம். மாடிப்படி பாதி ஏறும்போதே நாற்றம். மூடியைத் திறந்தால் கருஞ்சிவப்பாக ஒரு கூழ். செத்த மண்புழு சீக்கிரம் கரைந்துவிடும், எண்ணிப் பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. ஃபெடிடா என்ற லத்தீன் சொல்லுக்கு நாற்றமடிப்பது என்று பொருளாம். தொந்தரவு செய்தால் இந்தப் புழு உடம்பிலிருந்து ஒரு கெட்ட வாடைத் திரவத்தை விடுவதால் வைத்த பெயர். எனக்கு வேறு காரணத்துக்காக அது மறக்காமல் நின்றுவிட்டது.

விற்றவர்களுக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதில் குறை இல்லை. "சார், நிழலான, குளிர்ந்த இடத்துல வைக்கணும் சார்." எங்க ஊர்ல மே மாசம் குளிர்ந்த இடம்னா எதுங்க, சொல்லுங்க, அங்கேயே வைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு புழு வாங்கினால் 10% தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அதே புழு!

சரி, பெட்டியை விடுவானேன், புழுவை மாற்றிப் பார்க்கலாம் என்று ஜூலையில் ஆப்பிரிக்கப் புழு வாங்கினேன். நம் ஊரில் மண்புழு உரம் விற்கிற பண்ணைகளில் பெரும்பாலும் இதுதான் ஓடும், யூட்ரிலஸ் யூஜீனியே. மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு, ஆளும் பெரிசு, கருநீலம் கலந்த பழுப்பு, தீனியும் ஜாஸ்தி. 25 முதல் 30 டிகிரி வரை இதற்குப் பிடிக்கும், குளிர்தான் ஆகாது. பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் அரைக் கிலோ 300 ரூபாய்க்குக் கிடைத்தது, கூரியரில் வந்த சிவப்புப் புழுவுக்கு நான் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் நன்றாகவே தின்றன. உரமும் முதல்முறையாக ஒரு தட்டு நிறைய வந்தது, கத்தரிச் செடிக்குப் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த முதல் ராத்திரி மொத்தமும் கிளம்பிவிட்டன. காலையில் பார்த்தால் பெட்டியின் வெளிச்சுவரில், தூணில், மாடித் தரையில், படிக்கட்டில் நாலாவது படி வரை புழு. கீழ்வீட்டு அக்கா துணி எடுக்க வந்து அலறிய அலறலில்தான் எனக்கே விழிப்பு வந்தது. தட்டுக்குத் தட்டு இடைவெளி, மூடியில் காற்றுக்காக விட்ட ஓட்டை, எல்லாம் ஆப்பிரிக்கப் புழு நெளிந்து வெளியேறத் தாராளமாகப் போதும். மழை வந்தால் இவை ஊர ஆரம்பிக்கும் என்று பண்ணைக்காரர் அப்புறம் சொன்னார். பெட்டிக்கு மேலே ஒரு பல்பை ராத்திரி முழுக்க எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே இருக்கும், அவர் பண்ணையிலும் அதுதான் வழி. 5 வாட் பல்பு ஒன்று மாட்டினேன், வேலை செய்தது. அதற்குள் பாதிப் புழுவைக் காக்கையும் மைனாவும் முடித்துவிட்டிருந்தன.

இந்த நிலையில்தான் மண்தொட்டிக்கு வந்தேன். மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற அகலமான தொட்டி இருக்கிறதே, அது, சாலையோர மண்பாண்டக் கடையில் 600 ரூபாய். பானையில் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதிதான், சுவரில் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அடியில் வடிகால் ஓட்டை போடும்போது முதல் தொட்டி இரண்டாகப் பிளந்தது, ஆகவே என் கணக்கில் 1,200. இரண்டாவதில் தண்ணீரை விட்டுக்கொண்டே மெதுவாகத் துளையிட்டேன். அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் ஆற்றுமணல், அதன்மேல் நாலு விரற்கடை தோட்டத்து மண், பிறகு ஆறிய சாணமும் காய்ந்த சருகும். மேலே கோணிச்சாக்கை நனைத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

புழு இந்தமுறை விலைக்கு வாங்கவில்லை. பால்காரர் வீட்டுக் கொல்லையில் பழைய சாண மேட்டைக் கிளறியபோது மெல்லிசாக, முதுகில் நீலம் மின்ன, தொட்டால் பாம்பு மாதிரித் துள்ளுகிற ஒரு புழு கிடைத்தது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், இந்தப் பக்கத்தின் சொந்தப் புழு. சென்னை நியூ காலேஜில் இருந்த மண் ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான், வெளிநாட்டுப் புழு எதற்கு, மேலே குப்பையைத் தின்ன பெரியோனிக்ஸ், கீழே மண்ணைக் குடைய லாம்பிட்டோ மாரிட்டி, இரண்டும் நம் மண்ணிலேயே இருக்கிறதே என்று. நான் அதைக் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டும் பளபளவென்று படம் போட்ட பெட்டியைப் பார்த்ததும் 780 ரூபாய்க்குப் புழு வாங்கினேன், அதற்கு யாரைச் சொல்ல? லாம்பிட்டோ சமையலறைக் குப்பையில் மட்டும் வாழாது, அதற்கு மண் வேண்டும். தொட்டியில் மண் இருப்பதால் இரண்டும் இருக்கின்றன. பெட்டியில் அது நடக்கவே நடக்காது, மண்ணின் கனத்தைத் தட்டு தாங்காது.

இந்த வருடம் கத்திரி வெயிலில் பெட்டியையும் தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு சாணம், ஒரே அளவு குப்பை போட்டு, பெட்டியில் மட்டும் புழு விடாமல், இரண்டு வாரம் மாலையில் அளந்தேன். மாடி நிழலில் 40 இருந்த நாளில் பெட்டிக்குள் 39, தொட்டிக்குள் 31. எட்டு டிகிரி. சாக்குக்குத் தினம் இரண்டுமுறை தண்ணீர் தெளித்தேன், அதுதான் செலவு. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி வாளியில் வைத்துவிட்டுத் தெளிப்பேன்.

இன்னொன்று வாழை மட்டை. திருச்சிக்காரனுக்கு இது தோன்ற இத்தனை நாள் ஆனது வெட்கம். கல்யாண மண்டப வாசலில் கட்டுகிற வாழைமரம் மறுநாள் குப்பைக்குத்தான் போகிறது. இரண்டு மரத்தை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தேன், தெருவில் எல்லோரும் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். சாண் நீளத்துக்கு வெட்டிக் கவிழ்த்து அடுக்கினால் மட்டைக்குள் இருக்கிற அறைகளில் தண்ணீர் நின்று வெயிலிலும் காயாமல் இருக்கும், பகலில் புழு எல்லாம் அதற்கு அடியில்தான். கொஞ்சம் கொஞ்சமாக மட்டையையும் தின்றுவிடும். ஐஸ் பாட்டில் செய்யாததை இது செய்தது. கறை பட்டால் சட்டையிலிருந்து போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

எறும்பும் ஒரு தலைவலிதான், ஆனால் அதற்கு நம் வீட்டிலேயே வழி இருந்தது, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது. பெட்டியின் நான்கு காலுக்கும் நான்கு கிண்ணம் தண்ணீர், கொசு முட்டையிடாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய். தொட்டியை மூன்று செங்கல்மேல் தூக்கி, செங்கலைத் தாம்பாளத்தில் நிறுத்தி அதே வேலை. எறும்புச் சாக்பீஸ் பக்கம் போகாதீர்கள், அது புழுவுக்கும் விஷம். மழைக்காலத்தில் கருப்பாக, குளவி போல ஒரு ஈ வந்து, கொழுத்த தட்டைப் புழுக்கள் நிரம்பும். பயப்பட வேண்டாம், படைவீரன் ஈ என்பார்கள், நோய் ஒன்றும் பரப்பாது, ஆனால் மண்புழுவுக்கு வைத்த சாப்பாட்டை அதற்கு முன்னால் காலி செய்துவிடும். குப்பையை மேலே பரப்பாமல் குழிதோண்டிப் புதைத்தால் குறையும். வந்ததை அள்ளிப் பின்தெருக் கோழிகளுக்குப் போட்டேன், இப்போது என்னைப் பார்த்தால் அவை ஓடிவருகின்றன.

குழாய் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பெட்டியின் மேல் 'வெர்மிவாஷ் தயார்' என்று ஒட்டியிருக்கிறார்கள். அழுகுகிற குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் வெர்மிவாஷ் ஆகாது. வெர்மிவாஷ் என்பது ஜல்லி, மணல், மண், சாணம் என்று அடுக்கி, நன்றாகப் புழு குடியேறிய பிறகு, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அடியில் பிடிப்பது. தேன் நிறத்தில், கெட்ட வாடை இல்லாமல் இருக்கும். என் தொட்டியில் வருவது அதுதான், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். அந்த வடிகால் ஓட்டையில் இப்போது மாட்டியிருப்பது பெட்டியிலிருந்து கழற்றிய குழாய், ஒன்றரை வருடத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. தட்டுகளில் இரண்டில் கீரை விதைத்திருக்கிறேன், சிறுகீரை பிரமாதமாக வருகிறது. ஒரு தட்டு உரம் சலிக்கிற சல்லடை. நாலாவதில் அம்மா வடகம் காயவைக்கிறார்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் வாங்கலாம், அங்கே இது நன்றாகவே ஓடும் என்று நினைக்கிறேன், கம்பளி யோசனை உட்பட. பெங்களூரில் இருக்கிற நண்பன் வீட்டில் இரண்டு வருடமாக ஓடுகிறது, பால்கனியில். சமவெளியில் இருக்கிறவர்கள் வாங்கினால் கீரை போடத்தான்.

போன வாரம் விற்றவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புது மாடல் வந்திருக்கிறதாம், ஆறு அடுக்கு, சுவர் இரட்டை, மூடி இன்னும் இறுக்கம், பழைய வாடிக்கையாளர் என்பதால் எனக்கு 5,999 ரூபாய்க்குத் தருகிறார்களாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆறு தட்டா? மாங்காய் வத்தலுக்கு ஆகுமே" என்றார்.